அவர் மரம், என் லாக்கர்

ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாத தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்கிறேன். எந்த சீலர், எத்தனை கோட், எந்த நம்பர் எமரித் தாள் என்பதையெல்லாம் டின்னின் மேலேயே படித்துக்கொள்வீர்கள். தெரியாவிட்டால் கடைக்காரர் சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது பொறாமையைப் பற்றி. மழை நாளில் லாக்கர் பூச்சு வெளுத்துப்போவதை நம்மால் கண்ணால் பார்க்க முடியும். பொறாமை நம் கையில் ஏறி உட்கார்ந்திருப்பது வேலை கெட்ட பிறகுதான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

என் பெயர் மலர்க்கொடி. அப்பா கட்சிக்காரர். மேடையில் கேட்ட தமிழ்ப் பெயர்களில் ஒன்றை எனக்கு வைத்தார். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக் கொல்லையில் வைத்து பேஸ் கிட்டார் உடம்புகளுக்கு லாக்கர் அடிப்பது என் வேலை. இப்போது மூச்சு இழுப்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் முகமூடி போடாமல் அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன்.

தொழில் கற்றது கல்யாணத்துக்கு முன்னால், தஞ்சாவூரில் ஒரு பீரோ கம்பெனியில். இரும்பு பீரோவுக்குப் பட்டி பூசிய பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவது பெண்கள் வேலை. பெயிண்ட் அடிப்பது ஆண்கள் வேலை. அங்கே அடிப்பவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் அடித்த பீரோக் கதவில் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் தின்னர் கலக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அளவு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது.

"எவ்வளவுண்ணே ஊத்துறீங்க?" என்று ஒருதடவை கேட்டேன்.

"தேய்க்கிற வேலையப் பாரு" என்றார்.

நான் தேய்த்துக்கொண்டே காதைக் கொடுத்தேன். கலவை தடித்திருந்தால் கன் இருமும். மெலிந்திருந்தால் சீறும். சரியாக இருக்கும்போது புடவையைக் கிழிப்பதுபோல ஒரே சீராக ஒரு சத்தம். அவர் சாப்பிடப் போன நேரத்தில் கப்பில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் அவர் விடுப்பு எடுத்தபோது முதலாளியிடம் கேட்டு ஒரு பீரோவின் முதுகுப் பக்கத்தை அடித்தேன். மறுநாள் வந்தவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து கன்னைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். என் தொழிலுக்கு எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அந்தப் பூட்டு.

கல்யாணமான புதிதில் என் கணவர் கலியமூர்த்தி கதவு, ஜன்னல்தான் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் தஞ்சாவூர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் ஸ்டீபன், உடைந்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி மாநாடு எதுவானாலும் மேடையில் ஒரு மெல்லிசைக் குழு இருக்கும். வெளிநாட்டுக் கிட்டார் வாங்க அவர்களில் யாருக்கும் வசதி கிடையாது. என் கணவர் உடைந்ததை ஒட்டிக்கொடுத்தார். அளவு எடுத்து வைத்துக்கொண்டு பலா மரத்தில் தானே ஒன்று செய்தும் பார்த்தார். அதை வாசித்துப் பார்த்த ஸ்டீபன், "அண்ணே, அடிவயித்துல வந்து இடிக்குதுண்ணே" என்றார். அதன் பிறகு கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள்.

மரம் அவர் வேலை. பூச்சு என் வேலை. மாட்டை விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். பஞ்சர் கடைக்காரர் தள்ளிவிட்ட ஒரு கம்ப்ரசர் கிடைத்தது. லாக்கர் அடிக்கிற நாளில் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன். தின்னர் ஆவிக்கு ஒரு பொறி போதும். அன்றைக்கு எல்லோருக்கும் பழைய சோறும் ஊறுகாயும்தான்.

வாங்க வருகிறவர்கள் கிட்டாரை மடியில் வைத்து உடம்பைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "என்ன மரம்ண்ணே இது, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார்கள்.

மரம் எங்கேயாவது கண்ணாடி மாதிரி இருக்குமா? அவர்கள் தடவியது என் லாக்கரை. உள்ளே இருந்த மரத்தை அவர்கள் விரல் தொடவே இல்லை. ஆனால் இவர், "பலாதான் தம்பி. பாத்துப் பாத்து எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருப்பேன். வயிறு எரியும். கே.எம். என்று கிட்டாரின் தலையில் சூட்டுக்கோலால் எழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். கலியமூர்த்தி என்பதன் சுருக்கம். அந்த எழுத்தின் மேலும் லாக்கர் அடிப்பது நான்தான். சில நாள் அடிக்கும்போது அதைக் கலியமூர்த்தி, மலர்க்கொடி என்று மனசுக்குள் படித்துக்கொள்வேன். அது அப்படி இல்லை என்று எனக்கே தெரியும்.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்பார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்பேன்.

கேட்டு வாங்குகிற பேரில் எனக்கு விருப்பம் இல்லை. அவராகச் சொல்வார் என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கிட்டார் செய்வது மரவேலை, மற்றதெல்லாம் துடைத்துக்கொடுக்கிற மாதிரி என்று நினைத்திருந்தார். என்னைத் தேய்ப்பு வேலைக்கு வைத்திருந்த பீரோ முதலாளியும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம்.

என் கணவரின் அண்ணன் பக்கிரிசாமி. எனக்கு மூத்தார். அவர் குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலம், சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு பண்ணைக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அவர்கள் வருவதில்லை. அவர்களுடைய ஏஜெண்ட் வருவார். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் விவசாயச் சங்கக் கொடிக்கம்பமும் கூட்டமுமாக இருந்த காலம். பதிவு பெற்ற குத்தகைதாரரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் அவர் நிலத்துக்குச் சேதம் செய்தார் என்று காட்டிவிட்டால் வெளியேற்றலாம். அதனால் ஏஜெண்ட் எப்போதும் ஒரு சேதத்தைத் தேடிக்கொண்டே வரப்பில் நடப்பார். தஞ்சாவூர் கோர்ட்டில் அவர் மேல் ஒரு தாவா வேறு ஓடிக்கொண்டிருந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா.

அந்த நிலத்து வரப்பில் ஒரு பலா மரம். நட்டவர் என் மாமனார். அதை ஏஜெண்ட் ஒரு மர வியாபாரிக்குப் பேசி முடித்துவிட்டார் என்று மூத்தார் காதில் விழுந்தது. எங்கப்பன் வச்ச மரத்தை அவன் விற்பதா என்று ஆத்திரம். மறுநாள் பொழுது விடியும்போதே அண்ணனும் தம்பியும் கோடாலியோடு போய் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள்.

சாய்த்த பிறகுதான் பயம் வந்தது. ஏஜெண்ட் தேடிக்கொண்டிருந்த சேதத்தை நாமே செய்து கொடுத்துவிட்டோமே என்று மூத்தார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அடிக்கட்டையின் மேல் வைக்கோல் போர் போட்டார்கள். யாராவது கேட்டால், ஏஜெண்ட் பார்த்துவிட்டுப் போன பிறகு புயலில் விழுந்த மரம், விழுந்து காய்ந்து கிடந்தது, எடுத்துக்கொண்டோம் என்று சொல்வதாக முடிவு செய்தார்கள். மரத்தைப் பலகையாக அறுத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார் இவர். பலகையாகக் கிடந்தால் பார்க்கிற ஆளுக்குத் தெரிந்துவிடும். கிட்டாராகி, நிறம் ஏறி, மேடைக்குப் போய்விட்டால் யார் கண்டுபிடிப்பது?

சில மாதம்கூட ஆகவில்லை. உடம்பு வெட்டி, இரண்டு துண்டை நடுவில் ஒட்டி, என்னிடம் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கையை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ந்தது. தூக்கினால் தண்ணீர் நிறைந்த குடம் மாதிரி கனம்.

"இது காயலைங்க" என்றேன்.

"நிழல்ல வச்சு ஆற விட்டாச்சு. போதும்."

"மேலதான் ஆறியிருக்கு. உள்ள ஈரம் நிக்குது. இது மேல லாக்கர் போட்டா, மரம் சுருங்கறப்போ வெடிச்சிரும்."

"மரத்தப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"வெடிக்கப்போறது என் கோட்டுங்க."

 அவர் மெதுவாகச் சொன்னார். "உன்னால முடியலன்னா சொல்லு மலரு. டவுன்ல ஆள் இருக்கு. பீரோ கம்பெனிய விட்டுட்டுத் தனியா ஷெட் போட்டிருக்காராமே, அவருகிட்ட குடுத்துட்டு வர்றேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. மரத்தைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் பெயர் வந்ததும் மரம் என் கண்ணிலிருந்து போய்விட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்னர் கலக்குகிற அந்த முதுகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கிட்டாரின் மேல் அவர் கை படுவதா? அதை ஸ்டீபன் தடவிப் பார்த்து, இதுவல்லவா கோட்டு என்று சொல்வதா?

"குடுங்க. நானே அடிக்கிறேன்" என்றேன்.

அதற்கு முன்னால் நான் அடித்த எதுவும் அதைப்போல வந்ததில்லை. நடுவில் தேன் நிறம். விளிம்புக்குப் போகப் போகச் சிவந்து, ஓரத்தில் கறுப்பாக முடியும். எங்கே சிவப்பு தொடங்குகிறது என்று கை வைத்துக் காட்ட முடியாது. பச்சை மரத்தின் மேல் அத்தனை அழகை ஏற்றிவைத்தேன். டவுன்காரர் பார்த்தால் தூக்கம் வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பாலிஷ் தேய்த்தேன். ஸ்டீபன் வந்து எடுத்துக்கொண்டு போனார். "மரம்னா இதுதாண்ணே மரம்" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மாசித் திருவிழா, பங்குனித் திருவிழா எல்லாம் அதில்தான் வாசித்தார். சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம் கிட்டாரோடு வாசலில் வந்து நின்றார். உடம்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது.

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கொட்டகையில் இருந்தேன். தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்டது.

"என்னண்ணே இப்படி ஆயிருச்சு?"

"மரத்துல ஒண்ணும் இல்ல தம்பி. இது பெயிண்ட் வேலை. நம்ம வீட்ல அடிச்சாங்கல்ல, அதுல ஏதோ கோளாறு."

இத்தனை வருஷத்தில் லாக்கர் அடித்தது நான் என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். நன்றாக இருந்தவரை அது அவர் மரம். வெடித்த அன்றைக்கு அது என் பெயிண்ட்.

கையில் இருந்த எமரித் தாளைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தேன். உங்களுக்கு இது உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். லாக்கர் தன்னால் வெடித்தால் கோடையில் வெடித்த வயல் மாதிரி இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் கட்டமாக விடும். மரம் வெடித்து லாக்கரைக் கிழித்தால் ரேகையோடு நேராக ஓடும். இது வாய்க்கால் மாதிரி நேராக ஓடியிருந்தது. ஒரு வார்த்தை போதும். ஸ்டீபன் புரிந்துகொள்கிற ஆள்.

"தம்பி, அத இப்படிக் குடுங்க" என்று கிட்டாரைக் கையில் வாங்கினேன். வாயைத் திறக்கப்போன நேரத்தில் படல் கதவைத் தள்ளிக்கொண்டு ஏஜெண்ட் உள்ளே வந்தார். அவர் பின்னால் வருவாய்த் துறை அலுவலர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் முகம் செத்துப்போய் என் மூத்தார். வைக்கோல் போரைக் கலைத்து அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஏஜெண்ட் யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கலியமூர்த்தி, உங்க அண்ணன் அந்தப் பலா புயல்ல விழுந்ததுங்கிறாரு. விழுந்து காஞ்சு கிடந்ததாம். நீங்கதான் எடுத்துட்டு வந்தீங்களாமே."

"ஆமாங்க. நல்லா காஞ்ச மரங்க" என்றார் இவர். 

"எங்க அது?"

இவர் என் கையில் இருந்த கிட்டாரைக் காட்டினார். வேறு பலகை எதுவும் மிச்சம் இல்லை. ஏஜெண்ட் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விவரமான ஆள். அவர் விரலும் நேராக அந்தக் கோட்டில்தான் போய் நின்றது.

"காஞ்ச மரம் எதுக்குங்க வெடிக்குது?"

மரம் வெடித்தது என்று ஆனால், பச்சையாக நின்றதை வெட்டியது வெளிப்பட்டுவிடும். மூத்தார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த நிலத்தைத் தவிர வேறு கதி இல்லை. நாற்று விட்டிருந்த நேரம்.  ஏஜெண்ட் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான பெயிண்ட் அடிக்கிறது? நீங்க சொல்லுங்கம்மா. இது மரம் வெடிச்சதா, பெயிண்ட் வெடிச்சதா?"

இத்தனை காலமாக நான் ஆசைப்பட்ட கேள்வி அது. நீதான் அடிக்கிறாயா என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும். எல்லாம் நடந்தது. என் கணவர் சற்று முன் என்னைத் தள்ளிவிட்ட அதே பள்ளத்தில் நானே இறங்கி நிற்க வேண்டியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

"பெயிண்டுங்க" என்றேன். "மரம் நல்ல மரம். மழை ஈரத்துல அடிச்சேன். தின்னர் கூடிப்போச்சு. என் வேலைதாங்க கெட்டுப்போச்சு."

ஏஜெண்ட் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "பொம்பளைங்ககிட்ட மிஷினக் குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு மூத்தார் கையெடுத்துக் கும்பிட்டார், என்னைப் பார்த்து அல்ல, பொதுவாக. ஸ்டீபன் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டார். "பரவால்ல அண்ணி. நான் டவுன்லயே அடிச்சுக்கிறேன்" என்றார்.

நான் சொன்னது சரியா தவறா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நிலம் நின்றது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் மனசு அடங்கியதா என்றால், இல்லை. அந்த வட்டாரத்தில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கெல்லாம் விஷயம் போய்விட்டது. கே.எம். மரம் தங்கம், வீட்டம்மா அடிக்கிற பெயிண்ட்தான் சரியில்லை என்று. பாதிப் பேர் வெறும் உடம்பை வாங்கிக்கொண்டு, "பெயிண்ட் நாங்க வெளியில பாத்துக்கிறோம்ண்ணே" என்று போனார்கள்.

ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஸ்டீபன் குழு வந்தது. சாயங்காலம் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தக் கிட்டார் விளக்கு வெளிச்சத்தில் நீலமாக மின்னியது. என் சிவப்பும் தேனும் போய்விட்டன. டவுன்காரர் கோட்டு. எங்காவது ஒரு வழிசல் இருக்காதா, ஒரு தூசி ஒட்டியிருக்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் இல்லை. என்ன பாட்டு வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. சக்களத்தியின் கழுத்து நகையைப் பார்க்கிற மாதிரி அந்த நீலத்தையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆடி பிறந்த சமயம், டவுன்காரரே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டில் சுற்றி அந்த உடம்பைக் கொண்டுவந்திருந்தார். நீலத்தின் நடுவில் அதே இடத்தில் அதே கோடு.

இவர் வீட்டில் இல்லை. நான் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மரம் பச்சை. உனக்குத் தெரியாம இருக்காது. ஏன் சொல்லல?"

மூத்தாருடைய நிலத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "வெளிய சொல்லிறாதீங்கண்ணே" என்றேன்.

"நான் எப்படிச் சொல்றது? பச்சை மரம்னு தெரியாம ஏண்டா அடிச்சன்னு என்னைத்தான கேப்பாங்க" என்றார். அவர் பயமும் அவர் பேரைப் பற்றித்தான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கொஞ்ச நேரம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தார்ப்பாய், தொங்கவிட்ட கொக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றையும். போகும்போது படல் பக்கத்தில் நின்றார்.

"உன் பழைய கோட்ட எடுக்கறதுக்குள்ள என் கை விட்டுப்போச்சு. அப்படிப் பிடிச்சிருந்துச்சு. அந்தச் சிவப்பு எப்படிக் கொண்டுவந்த?"

"சும்மா வந்துச்சுண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு கசப்பு வந்துபோனது. அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமான கசப்பு. வாசற்படியில் நின்றுகொண்டு நான் விழுங்கியதெல்லாம் அதுதான். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

தாவா இழுத்துக்கொண்டே போய் ஒருவழியாக முடிந்தது. பண்ணைக் குடும்பம் சென்னையில் ஏதோ தேவைக்காக நிலத்தை விற்றுவிட முடிவு செய்து, மூத்தாருக்கே கொடுத்துவிட்டது. பட்டா அவர் பெயருக்கு மாறிய அன்று வீட்டில் பாயசம். கலியமூர்த்தி இரண்டாவது டம்ளரைக் கையில் வாங்கும்போது கேட்டேன்.

"இனிமே ஸ்டீபன்கிட்ட சொல்லலாமுல்லீங்க?"

"எத?"

"மரம் பச்சைன்னு."

"முடிஞ்சுபோன கதை. அத எதுக்கு இப்ப கிளறுற?"

நான் சண்டை போடவில்லை. மறுநாள் கன்னைக் கழுவிக் காயவைத்து, துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன். அவர் செய்துவைத்த உடம்புகள் ஒவ்வொன்றாகப் பூச்சு இல்லாத வெறும் மரமாகக் கொட்டகையில் சேர்ந்தன. ஒன்றை வெளியே கொடுத்து அடித்து வாங்கிவந்தார். வாங்க வந்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "மரம் முன்ன மாதிரி இல்லையேண்ணே" என்றார். அதைத் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன். இவரும் கேட்டார். அதே மரம்தான், பிரித்த வீட்டிலிருந்து எடுத்த நல்ல பழைய பலா. அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவரே ஏணி வைத்து ஏறிப் பரணிலிருந்து கன்னை எடுத்துக் கொடுத்தார். "ஸ்டீபனுக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். அந்தச் சிவப்பே அடிச்சிரு. நாமளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"நாமளேன்னா?"

"நீயும்தான்."

மரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கணகணப்பாக இருந்தது. தட்டினால் சத்தம் சுத்தமாக வந்தது. அவசரப்படவில்லை. வடகாற்று அடங்கி, காலையில் பனி இறங்காத ஒரு வாரமாகப் பார்த்து அடித்தேன்.

தஞ்சாவூரில் ஒரு மாடியில் ஸ்டீபன் குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உறையைக் கழற்றியதும் டிரம்ஸ்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். ஸ்டீபன் கிட்டாரை வாங்காமல் இவரையே பார்த்தார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, அன்னைக்கு வெடிச்சது பெயிண்ட் இல்ல. மரம்தான். பச்சை மரம். இவ வேணாம்னு சொன்னா. நான்தான் கேக்கல."

மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஸ்டீபன் என்னைப் பார்த்தார். "அப்போ நீங்க ஏன் அண்ணி உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"அன்னைக்கு வேற ஆளுங்க இருந்தாங்கல்ல தம்பி" என்றேன். அவர் புரிந்துகொள்கிற ஆள் என்று முன்னமே சொன்னேனே. அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இந்தச் சிவப்பு எப்படி வருகிறது, மழையில் என்ன ஆகும், எதைக்கொண்டு துடைக்க வேண்டும் என்று சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அளவு உட்படச் சொன்னேன். என் கணவர் ஜன்னல் பக்கமாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டவுன் தாண்டியது.  இரண்டு பக்கமும் தாளடி நெல் விளைந்து கதிர் சாய்ந்திருந்தது. அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரத்தநாடு நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஓரத்துல அந்தக் கறுப்பு கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சுது."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒண்ணும் இல்லீங்க என்று நான் சொல்லிவந்த அதே குரல்.

"அப்படியாங்க?" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. ஊர் வரும்வரை என் கையை மடியில் வைத்து, நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.